"ஆவன செய்யுங்கள்" என்றால் என்ன செய்வார்கள்?

மும்பைக்கு வந்த தமிழர்களில் ஒரு பகுதியினருக்குச் சோறு போட்டது பேனாவும் டைப் மிஷினும்தான். டைப்பில் ஹையர், சுருக்கெழுத்தில் ஹையர் என்று சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்து மாதுங்காவில் தங்கி, கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் அமர்ந்தவர்கள் எத்தனையோ பேர். முதலாளி வாயால் சொன்னதைக் கடிதமாக்கிக் கொடுத்தவர் நம் ஆள்.

அப்படிப்பட்ட நாம், நமக்காகவோ நம் அக்கம்பக்கத்தாருக்காகவோ ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் மட்டும் ஏன் இப்படி எழுதுகிறோம்?

தாராவியில் ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். பழைய கம்பெனியில் பிடித்த பிராவிடண்ட் பண்டு பணம் புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாறவில்லை. பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவிடம் வந்து, "அண்ணே, ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க" என்கிறார். அண்ணனும் எழுதுகிறார். மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஐயா அவர்களே, தங்கள் மேலான சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், அடியேன் ஏழை, பெரிய குடும்பஸ்தன், ஆகவே என் நிலைமையைக் கருணையுடன் பரிசீலித்து ஆவன செய்யும்படி இரு கரம் கூப்பி வேண்டுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே சமாசாரம்தான். "ஐ பெக் டு ஸ்டேட்" என்று தொடங்கி "கைண்ட்லி டூ தி நீட்புல்" என்று முடியும்.

இதைப் பிரித்துப் பார்க்கும் பிராவிடண்ட் பண்டு ஆபீஸ் ஊழியரை நினைத்துப் பாருங்கள். அவரும் நம்மைப் போன்ற குமாஸ்தாதான். முன்னால் தபால் குவிந்து கிடக்கிறது. அவருக்கு வேண்டியது 12 இலக்க யு.ஏ.என். நம்பர், பழைய கம்பெனி எது, புதுக் கம்பெனி எது, எந்தத் தேதியில் மாறினார், மாற்றச் சொல்லி எப்போது மனுக் கொடுத்தார் என்ற விவரங்கள். குடும்பம் பெரியது என்பதை வைத்துக்கொண்டு அவர் எந்தக் கணக்கைத் தேடுவார்? "விவரம் போதாது" என்று ஒரு வரி பதில் போட்டால் அவர் வேலை முடிந்தது. தொழிலாளிக்கு இன்னும் மூன்று மாதம் போயிற்று.

"ஆவன" என்றால் ஆக வேண்டியவை. ஆக வேண்டியது எது என்பது எழுதியவருக்குத் தெரியும். வாசிக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? எது ஆவன என்று முடிவு செய்யும் உரிமையை நாமே அதிகாரி கையில் கொடுத்துவிட்டு, அவர் ஒன்றும் செய்யவில்லை என்று பிறகு குறைப்படுகிறோம்.

கெஞ்சுவதும் பணிவும் ஒன்றல்ல. தன் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கேட்பதற்கு எதற்கு இரு கரம் கூப்ப வேண்டும்? இந்த நடை வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்து மனு எழுத்தர்கள் நமக்கு விட்டுப்போன சொத்து. அந்த வெள்ளைக்காரர் நாட்டிலேயே இதற்கு எதிர்ப்புக் கிளம்பி வெகு காலமாகிறது. பிரிட்டிஷ் நிதி இலாகா கேட்டுக்கொண்டதன் பேரில் சர் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற அதிகாரி 1948-ல் "பிளெயின் வேர்ட்ஸ்" என்ற சிறு புத்தகத்தை எழுதினார். அரசாங்க ஊழியர்கள் சுற்றி வளைக்காமல், ஜனங்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது அது. நாம் இன்னும் அவர்களுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

அந்தத் தொழிலாளியின் கடிதம் இப்படி இருக்கட்டும். "இன்ன கம்பெனியில் 2017 ஜூன் முதல் 2025 மார்ச் வரை வேலை பார்த்தேன். இப்போது இன்ன கம்பெனியில் இருக்கிறேன். என் யு.ஏ.என். நம்பர் இது. பழைய கணக்கிலுள்ள பணத்தை மாற்றும்படி 2025 ஜூன் 9-ந் தேதி மனுக் கொடுத்தேன். அதன் நம்பர் இது. இதுவரை பணம் மாறவில்லை. பணத்தை மாற்றும்படியும், என் தரப்பில் குறை இருந்தால் என்ன குறை என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். இதில் எங்கே மரியாதைக் குறைவு இருக்கிறது?

எழுதித் தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்து வாங்குவதற்கு முன், எழுதியதைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "ஜூன் இல்லேண்ணே, ஜூலையிலதான் சேர்ந்தேன்" என்று அப்போதுதான் சொல்வார்.

இங்கிலீஷ் சரியாக வராதே என்று பலர் தயங்குகிறார்கள். இங்கிலீஷ் அல்ல பிரச்சினை. டில்லி ரயில் மியூசியத்தில் வைக்கப்பட்டிருக்கும், 1909-ம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கடிதம் பிரசித்தம். ஓகில் சந்திர சென் என்ற வங்காளி, சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதியது. பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் ஒதுங்கப் போனார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் லோட்டா, மறு கையில் வேட்டி என்று ஓடி, பிளாட்பாரத்தில் எல்லார் முன்னாலும் விழுந்தார். கார்டுக்கு அபராதம் போடுங்கள், இல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்று முடித்தார். அந்தக் கடிதத்தில் இலக்கணம் நொண்டியடிக்கிறது. ஆனால் எங்கே நடந்தது, என்ன நடந்தது, யார் செய்தது, என்ன வேண்டும் என்ற நான்கும் இருக்கின்றன. (கடைசி மிரட்டல் மட்டும் நமக்கு வேண்டாம்.) ரயிலில் கழிப்பறை வந்த கதையைப் பேசுகிறவர்கள் இன்றும் இந்தக் கடிதத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

மொழியைப் பற்றிப் பேசும்போது, நம்மவர்கள் அறிய வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. குறை தீர்க்கக் கோரி மத்திய அரசு அதிகாரிக்கோ மாநில அரசு அதிகாரிக்கோ கொடுக்கும் மனுவை, மத்தியிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்பது அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு. உரிமை உரிமைதான். ஆனால் தமிழ் தெரியாத ஆபீசில் தமிழ் மனு மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்கும். எனவே, சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் நாலு வாக்கியமாக எழுதிக்கொண்டு, பிறகு அதை ஆங்கிலத்திலோ மராத்தியிலோ மாற்றுவது நல்லது. தமிழில் நாலு வாக்கியமாகச் சொல்ல முடியாத விஷயம், ஆங்கிலத்துக்குப் போனதும் தெளிந்துவிடாது.

சுருக்கத்தைப் பற்றி அரசாங்கமே விதி போட்டிருக்கிறது. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் மகாராஷ்டிர அரசு 2012-ல் சேர்த்த விதிப்படி, ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும், அதுவும் சாதாரணமாக 150 சொற்களுக்குள். மத்திய அரசின் 2012 விதிகளில் 500 சொற்கள். இந்த 150 மிகக் குறைவு என்று எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனாலும் பிராவிடண்ட் பண்டு கடிதத்துக்கு 150 சொற்கள் தாராளம்.

ஆபீசுக்குள்ளும் நிலைமை இதுதான். ஈமெயிலின் தலைப்பில் "அர்ஜெண்ட்" என்று மட்டும் போடுகிறார்கள். எது அர்ஜெண்ட்? இன்ன பில், இன்ன தேதிக்குள் கையெழுத்தாக வேண்டும் என்று தலைப்பிலேயே போட்டால் மேனேஜர் உள்ளே போகாமலே புரிந்துகொள்வார். ரிப்போர்ட் என்றால் இன்னும் மோசம். பிவண்டி கோடவுனில் மழைத் தண்ணீர் புகுந்து சரக்கு நனைந்தால், அன்று காலை எத்தனை மணிக்குக் கதவு திறந்தது என்பதிலிருந்து கதை தொடங்குகிறது. எத்தனை பேல் நனைந்தது, எவ்வளவு நஷ்டம், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியாயிற்றா என்பவை இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கின்றன. அவைதான் முதல் மூன்று வரியில் வர வேண்டியவை. "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற வாக்கியத்தைக் கண்டாலே எனக்குச் சந்தேகம். யார் எடுக்கிறார்? என்ன நடவடிக்கை?

போனில் சொல்லிவிட்டேன் என்பதும் ஒரு பதில் அல்ல. நாளை சொன்னது யார், கேட்டது யார் என்ற தகராறு வரும்போது காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். மின்னணுப் பதிவுகளுக்கு 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. பேசிய அன்றே இரண்டு வரி ஈமெயில் போட்டுவிட்டால் அதில் தேதியும் நேரமும் நிற்கும். காகிதத்தில் கொடுத்தால் நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்புகிறவர்கள் கவனிக்க: பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுண்டரில் தரும் ரசீதைக் கடித நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அடுத்த கடிதத்தின் முதல் வரியில் அந்த ரசீது நம்பர் வர வேண்டும்.