பூக்காரம்மாவின் கட்டைவிரல்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

காவல்துறையில் விரல்ரேகை நிபுணராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதி வாழ்நாள் லென்ஸுக்கு மேல் குனிந்தே போயிற்று. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பூக்காரம்மா. பெரிய கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர், வயது 58. மிஷினில் கட்டைவிரலை வைத்தார்; எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்து வைத்தார். தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பசையோடு வைத்தார். பத்து விரலும் ஆயிற்று. "ரேகை விழலம்மா, வீட்ல வேற யாரையாவது வரச் சொல்லு" என்றார் கடைக்காரர். வீட்டில் வேறு யாரும் இல்லை. பையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவரை நிறுத்தி விரலைப் பார்த்தேன். நாற்பது வருஷமாக ஈர வாழைநாரை இழுத்து முடிச்சுப் போட்ட விரல். நுனி வழவழவென்று மழுங்கியிருந்தது; குறுக்கே நார் அறுத்த கீறல்கள்.

குழந்தையின் விரலைப் பிடித்துச் சங்கா சக்கரமா என்று பாட்டிமார் எண்ணுவார்களே, எங்கள் துறையின் ஆரம்பமும் ஏறக்குறைய அதுதான். எந்தெந்த விரலில் சுழி என்று பார்த்து ரேகைகளை 1,024 பிரிவுகளாக்கும் கணக்கை உருவாக்கியதில் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு வங்க போலீஸ்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் தொடங்கியது. முறைக்குப் பெயர் மட்டும் மேலதிகாரி ஹென்றியுடையது. அந்த அநியாயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆனால் அந்தப் பிரிவுகள் ரேகை பதிந்த சீட்டைத் தேடி எடுக்கத்தான். ஆளை உறுதிசெய்ய, கோடு எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று பார்க்க வேண்டும். மிஷின் தேடுவதும் இவற்றைத்தான். தேய்ந்த விரலில் அவை அகப்படாது. கீறல் இருந்தால் இல்லாத கோட்டுமுடிவு ஒன்று தெரியும்.

எங்களுக்கு மூன்று பதில்கள் உண்டு: ஒத்துப்போகிறது, ஒத்துப்போகவில்லை, ஒப்பிடத் தகுதியில்லை. மங்கிய ரேகையை வைத்து ஆள் இவர்தான் என்றோ இவரில்லை என்றோ எழுத மாட்டோம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு தெளிவற்ற ரேகையை அமெரிக்க எஃப்.பி.ஐ. நிபுணர்களே தவறாகப் படித்து, சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கறிஞரைச் சிறையில் வைத்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். மூன்றாவது பதில் அவ்வளவு முக்கியம். ரேஷன் கடையில் அது இல்லை. ரேகையைப் படிக்க முடியாவிட்டாலும் ஆள் மாறிவிட்டது போலவே திருப்பி அனுப்புகிறார்கள்.

முதியோருக்கு வீடு தேடிப் பொருள் தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. மனமார வரவேற்கிறேன். ஆனால் ரேகையைத் தேய்ப்பது வயது மட்டுமல்ல, வேலையும்தான். ஆரணித் தறியிலும் செங்கல் சூளையிலும் சிமென்ட் கலவையிலும் நாற்பது வயதிலேயே போய்விடும்.

ரேகை ஒத்துப்போகாத காரணத்துக்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆகவே புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. ரேகை விழாதவருக்குக் கருவிழிப் பதிவு. அதுவும் இல்லையென்றால் அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பொருள் கொடுக்க வேண்டும். இதை ஒவ்வொரு கடையின் பலகையிலும் எழுதி வைக்க உத்தரவிடுங்கள்.

பூக்காரம்மாவுக்குப் போன மாத அரிசி இன்னும் வரவில்லை. அதையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரல்ரேகை நிபுணர்,
திருவண்ணாமலை.