அப்புறம் பார்த்துக்கொள்ள முடியாது

நிச்சயதார்த்தம் முடிந்த வீடுகளில் ஒரு பேச்சு தினமும் காதில் விழுகிறது: "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்." எந்த ஊரில் குடித்தனம், பெண்ணின் கல்விக்கடன் பாக்கியை யார் கட்டுவது, மாப்பிள்ளையின் அம்மா கூடவே இருப்பாரா, பெண் வளர்க்கும் நாய் எங்கே இருக்கும், தீபாவளிக்கு எந்த வீடு? எதைக் கேட்டாலும் இதுதான் பதில். சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. சுபகாரியம் நெருங்கும்போது மனக்கசப்பு வந்துவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. தாலி ஏறிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறானது. அதற்கான விலையை இருவரும் சமமாகக் கொடுப்பதும் இல்லை. பெரும்பாலும் பெண்தான் கொடுக்கிறாள்.

நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட மாதங்களை நாம் எதற்குச் செலவிடுகிறோம் என்று பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வைப்பதில்லை. மிச்ச மாதங்களில் வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை என்று வடிகட்டினால் கையில் தங்குவது சில நாட்கள்தான். அதனால் பல மாதங்களுக்கு முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம். சமையல்காரரிடம் எத்தனை இலை, பால் பாயசமா பருப்புப் பாயசமா என்று உட்கார்ந்து எழுதுகிறோம். புடவைக்குக் காஞ்சிபுரம் போகிறோம். மாமல்லபுரத்திலோ புதுச்சேரியிலோ கடற்கரையில் ஜோடியை நிறுத்தி விடியற்காலை வெளிச்சத்தில் படம் எடுக்கிறோம். பத்திரிகையில் எந்தச் சித்தப்பா பெயர் முதலில் வர வேண்டும் என்று ராத்திரி முழுக்கப் பேசுகிறோம். ஒன்றரை நாள் நிகழ்ச்சிக்காக இரண்டு குடும்பங்களும் இவ்வளவு யோசிக்கின்றன. அதற்குப் பிறகு வரும் நாற்பது, ஐம்பது வருடங்களைப் பற்றி அந்த இருவரும் வாய் திறந்தால் மட்டும் அது அபசகுனம் ஆகிவிடுகிறது.

பண்டிகையை எடுத்துக்கொள்வோம். தலை தீபாவளி பெண் வீட்டில் என்பது வழக்கம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாவது தீபாவளி யார் வீட்டில்? யாரும் பேசுவதில்லை. பேசாததால் அது மாப்பிள்ளை வீடு என்று ஆகிறது. மூன்றாவதும் பத்தாவதும் அப்படியே போகின்றன. முன்பு ஒரு வீட்டில் நாலைந்து பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு மகள் வராவிட்டாலும் பண்டிகையன்று வீடு நிறைந்திருந்தது. இன்று ஒரே மகளைப் பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மகளும் மருமகனும் பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கிறார்கள். கிடைக்கும் விடுமுறை இரண்டு நாள், மூன்று நாள். ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. தீபாவளி, பொங்கல் டிக்கெட்டுகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். திருநெல்வேலிக்குப் போடுவதா, ஈரோட்டுக்குப் போடுவதா என்பதை அந்த நிமிடத்தில் முடிவு செய்ய முடியாது. முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பேசாத வீட்டில் முடிவை வழக்கம் எடுக்கிறது. வழக்கம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது.

ஒரு வருடம் இந்த வீடு, மறு வருடம் அந்த வீடு என்று வைத்துக்கொள்ளலாம். தீபாவளி ஒரு வீட்டில், பொங்கல் மறு வீட்டில் என்று பிரித்துக்கொள்ளலாம். நாலு பெற்றோரையும் தங்கள் வீட்டுக்கே அழைக்கலாம். எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடுதான், இருவரும் சேர்ந்து செய்திருந்தால்.

அடுத்தது வளர்ப்புப் பிராணி. இதைச் சொன்னாலே, "கல்யாணப் பேச்சுல நாயைப் பத்தி எதுக்கு?" என்பார்கள். பேசத்தான் வேண்டும். ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் உயிரோடு இருக்கும். குட்டியிலிருந்து வளர்த்தவளை அது வாசலில் காத்திருந்து தேடும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "நாயெல்லாம் அங்க சரிப்பட்டு வராது, இங்கயே விட்டுட்டு வந்துடு" என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்கிறார்கள். அவளுடைய அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. நாயை நடத்திக் கூட்டிப்போகவோ, கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போகவோ முடியாது. யாருக்கோ கொடுக்கிறார்கள். சிலர் தெருவிலேயே விட்டுவிடுகிறார்கள். வளர்த்த பிராணியை நியாயமான காரணமின்றிக் கைவிட்டுப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாக்குவது மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்த 1960-லிருந்தே குற்றம். அது பலருக்குத் தெரியாது.

மறுபக்கமும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுச் சமையலறையில் மூன்று பூனைகள் உலவலாம். வரப்போகிற பெண்ணுக்கு ஆஸ்துமா இருக்கலாம். நாய் என்றாலே நடுங்குகிறவர்களும் உண்டு. அதுவும் மதிக்க வேண்டிய நியாயம். தனிக்குடித்தனத்துக்கு வீடு பார்க்கும்போதே இது தெரிந்திருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டுக்கூட வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால், வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்காரர் ஒப்பந்தம் போடும்போது என்ன சொல்கிறார் என்பது வேறு விஷயம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு நாயைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை. காலையில் யார் நடத்திக் கூட்டிப்போவது, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குத் தேதி பார்ப்பது யார், இருவரும் ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது, குழந்தை பிறந்தால் நாய் வீட்டில் இருக்குமா? சின்னக் கேள்விகள்தான். ஆனால் இவற்றில் ஒரு பெரிய விஷயம் தெரிந்துவிடும். நாயை ஏற்பதா மறுப்பதா என்பது இரண்டாம்பட்சம். அவளுக்குப் பிரியமான ஒன்றைப் பற்றி அவள் பேசும்போது அவன் காது கொடுத்துக் கேட்கிறானா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அவனுக்குப் பிரியமானதைப் பற்றி அவளும் அப்படிக் கேட்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். கல்யாண மண்டபத்தின் வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுகிறோம். யார், எந்த ஊர், எவ்வளவு என்று கடைசி ரூபாய் வரைக்கும் நோட்டில் ஏறுகிறது. அந்த நோட்டை இருபது வருடம் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுப் பொருட்களைத் தனித்தனியே பட்டியலிட்டுக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-ல் விதிகள் வந்தன. அந்தப் பட்டியலை எத்தனை வீடுகளில் எழுதுகிறார்கள்? பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுக்கே சொந்தம் என்று அதே 1985-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் நகை எந்த லாக்கரில், யார் பெயரில் இருக்கும் என்று நிச்சயமான பெண் கேட்டுவிட்டால், "இப்பவே கணக்குப் பார்க்கிறாளே" என்கிறார்கள். மொய்க் கணக்கு மரியாதை என்றால், இந்தக் கணக்கும் மரியாதைதான்.

"அப்புறம்" என்பது ஏன் ஆபத்து? கல்யாணத்துக்கு முன் இருவரும் சமமான தரையில் நிற்கிறார்கள். அவரவர் வீடு, அவரவர் வேலை, அவரவர் நண்பர்கள், அவரவர் ஊர். கல்யாணம் முடிந்த மறுவாரம் அந்தச் சமநிலை போய்விடுகிறது. ஒருத்தி வீடு மாறியிருக்கிறாள். ஊர் மாறியிருக்கிறாள். பல சமயம் வேலையை விட்டிருக்கிறாள், அல்லது மாற்றல் கேட்டுக் காத்திருக்கிறாள். புது வீட்டில் டம்ளர் எங்கே இருக்கிறது என்பதைக்கூட இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நிலையில் அவள், "என் சம்பளத்துல பாதி எங்க அப்பா அம்மாவுக்குப் போகணும்" என்றால் அது பேச்சுவார்த்தை ஆகாது. மருமகளின் பிடிவாதம் என்றாகிவிடும். மூன்று மாதத்துக்கு முன் அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அது ஒரு நியாயமான நிபந்தனை.

சட்டமும் இதைத்தான் காட்டுகிறது. நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்பதற்காக யாரையும் கட்டாயப்படுத்தி மணம் முடிக்க வைக்கச் சட்டத்தில் வழியில்லை. "வேண்டாம்" என்று சொல்ல அதுவரை யாருடைய அனுமதியும் தேவையில்லை. கல்யாணம் முடிந்ததும் நிலைமை வேறு. இந்துத் திருமணச் சட்டப்படி, விதிவிலக்கான துயரம் இருந்தாலொழிய, முதல் ஒரு வருடம் விவாகரத்துக்கு மனுவே போட முடியாது. இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான பிரிவு 1976-ல்தான் சட்டத்தில் சேர்ந்தது. அதற்கும் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு இன்னும் ஆறு மாதம். உரிய காரணம் இருந்தால் நீதிமன்றம் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. மறுப்புச் சொல்வது மிக எளிதாக இருக்கும் காலத்தில் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, மிகக் கடினமாகும் காலத்தில் பேசிக்கொள் என்கிறோம். இதைவிடத் தலைகீழான அறிவுரை இருக்க முடியாது.

"நம்ம பாட்டிங்க எல்லாம் பேசிப் பார்த்தா கட்டிக்கிட்டாங்க? நல்லாத்தானே வாழ்ந்தாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பாட்டிகளில் எத்தனை பேர் கையில் சம்பளம் இருந்தது? திரும்பிப் போக எத்தனை பேருக்கு வீடு இருந்தது? இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் உண்டு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. அதுவும் அதற்கு முன் மணமாகிப் போனவர்களுக்குப் பொருந்தவில்லை. வெளியே போக வழியில்லாதவர்கள் உள்ளேயே இருந்ததை, அவர்கள் நன்றாக வாழ்ந்ததற்குச் சாட்சியாகக் காட்டுவது அவர்களுக்கே செய்யும் அநியாயம். மணத்துக்கு முன் பழகுவது நம் பழக்கமே இல்லை என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தொல்காப்பியம் கற்பியலுக்கு முன் களவியலை வைத்திருக்கிறது.

"பேசினால் சண்டை வரும், கல்யாணமே நின்றுவிடும்" என்பது அடுத்த பயம். சண்டை வரலாம். வந்து தீர்ந்தால் தீர்க்கத் தெரிந்த இருவர் என்று ஆகும். தீராமல் கல்யாணம் நின்றால், போவது மண்டப அட்வான்ஸும் அச்சடித்த பத்திரிகையும். பணம் திரும்பச் சம்பாதிக்கக்கூடியது. இதில் நிஜமான கொடுமை வேறு இடத்தில் இருக்கிறது. "நிச்சயம் நின்னுபோன பொண்ணு" என்று ஊர் அவளைப் பார்க்கிற பார்வை அது. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பெண்கள் கேட்க வேண்டிய கேள்விகளை விழுங்குகிறார்கள். நின்றுபோன நிச்சயம் ஒரு பெண்ணின் மீது படிந்த கறை அல்ல. இருவர் நேரத்தோடு உண்மையைத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். இதை அவளுடைய பெற்றோர் முதலில் நம்ப வேண்டும். நம்பினால் அவர்கள் ஊருக்குச் சொல்வார்கள்.

காதலித்து மணப்பவர்களுக்கு இது தேவையில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. ஐந்து வருடம் பழகியவர்கள் ஒருவரையொருவர் காபிக் கடையில் அறிந்திருப்பார்கள், போனில் அறிந்திருப்பார்கள். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கு காலியாகும்போது, அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, பண்டிகை விடுமுறைக்கு எந்த ஊர் என்று முடிவெடுக்கும்போது அறிந்திருக்க மாட்டார்கள். பெரியவர்கள் பார்த்து வைத்த ஜோடிகளும் நள்ளிரவு வரை பேசத்தான் செய்கிறார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரித்து முடிவதற்குள் விடிந்துவிடுகிறது. கடன், சம்பளம், பெற்றோர், குழந்தை என்ற பேச்சு வந்தால் மட்டும் இருவரும் நழுவிவிடுகிறார்கள்.

அந்தப் பேச்சு தனியறையில் முடிந்துவிடவும் கூடாது. "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ கவலைப்படாதே" என்று போனில் சொல்லும் மாப்பிள்ளைகள் ஏராளம். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா எதிரில் அவர்கள் மௌனமாகிறார்கள். அவள் தனியாக நின்று வாதாட வேண்டியிருக்கிறது. மனைவி வேலைக்குப் போவாள், நாய் கூட வரும், அடுத்த தீபாவளி அவள் வீட்டில் என்று ஒப்புக்கொண்டால், அதை நிச்சயமான காலத்திலேயே இரு வீட்டுப் பெரியவர்கள் முன்னால் அவன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்குகிறவன் செய்யவும் தயங்குவான். அவள் கொடுத்த வாக்குக்கும் இதே அளவுகோல்தான்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசித் தீர்க்க முடியாது என்பது உண்மை. நோய் வரும், வேலை போகும், மனம் மாறும். அப்போதும் உட்கார்ந்து பேசலாம் என்ற தைரியம் நிச்சயமான இந்தச் சில மாதங்களிலேயே பேசிப் பழகினால்தான் வரும்.

அண்ணா ஆட்சியில் 1967-ல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். உற்றாரும் நண்பர்களும் கூடியிருக்க, இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில், இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று அறிவித்தால் போதும். புரோகிதர் இல்லாமலே அது செல்லும். இந்த மாநிலத்தின் சட்டம் மணம் செய்பவர்களின் சொந்த வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறது. மணமேடையில் பேச உரிமை உள்ளவர்களுக்கு, மேடை ஏறும் முன் பேசவும் உரிமை உண்டு.

பெற்றோர்களிடம் கேட்பது இதுதான். மண்டபம் பிடித்தாயிற்றா, சமையலுக்குச் சொல்லியாயிற்றா என்று விசாரிக்கும் அதே அக்கறையோடு, "ரெண்டு பேரும் உக்காந்து பேசியாச்சா?" என்றும் கேளுங்கள். பணம், வீடு, வேலை, பண்டிகை, பிராணி, பெற்றோர், குழந்தை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பேசி முடிக்க இன்னும் நாள் வேண்டுமென்றால் தேதியைத் தள்ளி வையுங்கள். தையில் முடியாவிட்டால் வைகாசியில் முகூர்த்தம் இருக்கிறது. வைகாசி தவறினால் ஆவணியில் இருக்கிறது.