பஸ் வந்திருக்கே, எங்க கூட்டிட்டுப் போறீங்க?

மூன்று வருடம் முன்பு எங்கள் டீமிலிருந்து இருபத்தாறு பேர் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே, உத்திரமேரூருக்குப் பக்கத்திலிருக்கும் என் கிராமத்திலிருந்து அதிக தூரமில்லை. பெயர் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். ஏசி பஸ். டிக்கியில் பிஸ்கட் பெட்டிகள், பெட்ஷீட், பழம், ஒரு கேரம் போர்டு, முட்டை சேர்க்காத கேக். ஆபீஸ் காலண்டரில் அந்த நாளுக்கு 'அவுட்டிங்' என்றுதான் போட்டிருந்தது.

பஸ் வாசலில் நின்றதும் ஒரு தாத்தா வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். நாங்கள் பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் திரும்பி வந்தார். தலை சீவியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு மஞ்சப் பை. என்னிடம்தான் கேட்டார்: "பஸ் வந்திருக்கே தம்பி, எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

வார்டன் சிரித்துக்கொண்டே, "இவங்க நம்மளப் பாக்க வந்திருக்காங்க தாத்தா" என்றார். "ஓ, பாக்கவா" என்று சொல்லிவிட்டுத் தாத்தா பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். அடுத்த நாலு மணி நேரம் நாங்கள் கேக் வெட்டினோம், பாட்டுப் பாடினோம், கேரம் ஆடினோம் (பாதி நேரம் எங்களுக்குள்ளேயே), போட்டோ எடுத்தோம். வெளியே டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார், நாற்பது சீட்டும் காலியாக. பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு வேடந்தாங்கல் போய்வரலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். சிஸ்டம் டிசைன் இன்டர்வியூவில் அடுத்தவனை நோண்டி நோண்டிக் கேள்வி கேட்கிற ஆள் நான்.

இந்தக் கட்டுரை அந்த மஞ்சப் பைக்கான பதில். ரொம்ப லேட்.

நம் மண்டையில் வயசானவர்கள் பார்க்கப்பட வேண்டியவர்கள். சோறு போடப்பட வேண்டியவர்கள். பிறந்தநாளுக்கு இல்லத்தில் ஒருவேளை சாப்பாட்டை ஸ்பான்சர் செய்கிறோம். அன்றைக்கு நம் பேரைக் கரும்பலகையில் எழுதுகிறார்கள், சாப்பிடுவதற்கு முன் அவர்கள் நமக்காகப் பிரார்த்தனை செய்கிறார்கள். சாம்பார் சாதத்துக்கு எண்பது வயதுக்காரர் ஒருவர் முப்பது வயதுக்காரனுக்கு நன்றி சொல்லும் காட்சியில் என்ன அருவருப்பு இருக்கிறது என்று யோசிக்கக்கூட நமக்கு நேரம் இருப்பதில்லை. ஒரே ஆளுக்கு மத்தியானம் மூன்று பிறந்தநாள் சாப்பாடு, ஆனால் வருஷத்துக்கு ஒருமுறைகூட கேட்டைத் தாண்டி வெளியே போக வழியில்லை என்பதுதான் நிலைமை.

சட்டமும் அப்படித்தான் யோசிக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தர அதில் தீர்ப்பாயம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாக, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்குகிற இல்லம் பற்றி 19ஆம் பிரிவு பேசுகிறது. நல்ல சட்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்தால் முதியவர் என்பவர் ஒன்று வழக்கு, இல்லை படுக்கை. காலையில் எழுந்து "இன்னிக்கு எங்க போலாம்?" என்று கேட்கிற ஆள் அதில் எங்கேயும் இல்லை.

உத்திரமேரூர் என்றாலே எல்லாரும் குடவோலை என்பார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சிலும் எங்கள் ஊர் வந்தது. அன்றைக்கு ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கொண்டாட்டம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அவை, பொ.ஆ. 919, 921. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. முப்பது குடும்பு, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று பள்ளியில் ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தது. வாரியத்துக்கு வருபவனுக்கு 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்கணும் என்பதும் தெரியும்.

மனப்பாடம் செய்யாத ரெண்டு விஷயம் அதில் இருக்கிறது. ஓலை எடுக்கும் நாளில், சபை நடுவில், கோயில் நம்பிமாரில் வயதில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டவேண்டும். ஓலையை எடுப்பது விவரமறியாத ஒரு சின்னப் பையன். இன்னொன்று, சம்வத்சர வாரியத்துக்கு ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களைத்தான் எடுக்கவேண்டும்.

இதை வைத்து "ஆகா, நம் முன்னோர்" என்று ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்லை. அது பிராமணர்களின் சபை. கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். பெண்கள் கிடையாது. எங்கள் தெருவுக்கு அந்த மண்டபத்தின் படிக்கட்டுகூட கிடையாது. திண்ணைதான் நம்முடைய சீனியர் சென்டர் என்று உருகி எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நின்று பேசணும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்தச் சபைக்கு வயசானவருக்குக் கொடுக்க ஒரு வேலை இருந்தது. அந்தக் குடத்தைத் தூக்கிக் காட்டுவது ஒரு பொறுப்பு. நாம் கொடுப்பது பெட்ஷீட்.

அந்த எழுபது என்கிற எண் மட்டும் பத்திரமாக நம்மோடு வந்து சேர்ந்திருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறை மூத்த குடிமக்களை இலவச ஆன்மிகப் பயணம் கூட்டிப்போகிறது. ஆடியில் அம்மன் கோயில்கள், புரட்டாசியில் பெருமாள் கோயில்கள், அறுபடை வீடு, ராமேஸ்வரத்திலிருந்து காசி. தமிழ்நாட்டில் முதியவர்களுக்கென்று பஸ் வரும் அபூர்வமான திட்டம் இது, பாராட்டணும். வயது வரம்பு 60 முதல் 70. எங்கள் ஆயாவுக்கு 78. உடம்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று துறை பயப்படுவது புரிகிறது. ஆனால் எழுபதுக்குள் இருப்பவர் எப்படியாவது தானே போய்விடுவார். எழுபத்தொன்றுக்குத்தான் ஆள் துணை வேண்டும், நின்று நின்று போகிற வண்டி வேண்டும்.

மற்ற வழிகளும் இப்படித்தான். ரயிலில் ஆண்களுக்கு 60 வயதிலிருந்து 40 சதவீதம், பெண்களுக்கு 58லிருந்து 50 சதவீதம் என்றிருந்த கட்டணச் சலுகையைக் கொரோனாவைக் காட்டி 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பி வரவில்லை. சென்னை மாநகரப் பேருந்தில் அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் 2016லிருந்து இருக்கிறது. எங்கள் ஊர்த் தாத்தாவுக்கு இல்லை. 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானபோது ஆயா செய்த முதல் காரியம், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தது. "என்ன வேலையா போன?" என்று அப்பா கேட்டதற்கு, "சும்மாதான் போனேன், வேலை இருந்தாத்தான் போவணுமா?" என்றாள். முதியோர் நலம் பற்றி நான் கேட்ட ஆகச்சிறந்த வாக்கியம் அது.

"இதெல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம், நமக்குக் குடும்பம் இருக்கு" என்பார்கள். நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் 1943இல் வில்லியம் ஹாட்சன் மையம் ஆரம்பித்தது நிஜம். அங்கே 1965லிருந்து இதற்கெனச் சட்டமும் நிதியும் உண்டு. ஆனால் அவ்வளவு தூரம் போகவேண்டாம், கேரளம் வரை போனால் போதும். 'பகல்வீடு' என்று பஞ்சாயத்துகள் நடத்துகின்றன. காலையில் வந்து, பேசி, சாப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். குடும்பத்தோடு இருப்பதற்கும் இதற்கும் ஒரு சண்டையும் இல்லை. அப்புறம், நமக்கு இருக்கிற குடும்பத்தின் லட்சணம் என்ன? ஓஎம்ஆரில் நான், பெங்களூரில் தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால், அதில் பாதி நேரம் ஆயாவின் நெற்றி மட்டும் தெரியும்.

2025-26 தமிழக பட்ஜெட்டில் 'அன்புச்சோலை' என்ற பெயரில் 25 முதியோர் மனமகிழ் வள மையங்கள் அறிவிக்கப்பட்டன, 10 கோடி ரூபாயில். ('மனமகிழ்' என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சீட்டாட்டமும் பாரும்தான் ஞாபகம் வரும், அது வேறு கதை.) மையத்துக்கு 40 லட்சம். நல்ல ஆரம்பம். ஆனால் மாநகராட்சிகளை முன்னே வைத்து ஆரம்பித்திருக்கிறார்கள். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டதால் கிழடுதட்டிப்போனது கிராமம். 2021இல் தமிழக மக்கள்தொகையில் அறுபது தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 ஆகும் என்று ஒன்றிய அரசின் கணிப்பே சொல்கிறது. இந்த வேகத்துக்கு 25 மையம் எந்த மூலைக்கு?

கட்டடம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். 2006இல் ஆரம்பித்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினார்கள். எங்கள் ஊரில் அது பூட்டிக் கிடக்கிறது. உள்ளே ஃபேன் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, ஜன்னல் வழியாகப் பார்த்தால் போன ஆட்சி காலண்டர்கூட இருக்கிறது. பணத்துக்கும் வழி உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013இன் ஏழாவது அட்டவணையில், சிஎஸ்ஆர் செலவுகளின் பட்டியலில், முதியோர் இல்லத்துக்குப் பக்கத்திலேயே பகல்நேர மையம் என்றும் எழுதியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கேக் வாங்குகிற பட்ஜெட்டை அந்தப் பக்கம் திருப்பலாம்.

திருப்புவதற்கு முன் ஒன்று. போன வருஷம் எங்கள் தெரு ஆயாக்களை ஒருநாள் எங்காவது கூட்டிப்போகலாம் என்று நான் கிளம்பினேன். மேற்படி மஞ்சப் பையின் குற்றவுணர்ச்சிதான். ஆன்லைனில் நிதி திரட்டலாம் என்று ஒரு பக்கம் தயார் செய்தேன். ஆயாவின் முகத்தை க்ளோசப்பில், கறுப்பு வெள்ளையில், ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிற மாதிரி எடுத்திருந்தேன். தலைப்புகூட வைத்தாயிற்று, இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள்.

"பணம் கேக்கறதுக்கு என் மூஞ்சியாடா கெடச்சுது?"

அழித்துவிட்டேன். மறுவாரம் அவர்களே சீட்டு ஆரம்பித்தார்கள். மாதம் நூறு ரூபாய், எட்டு மாதம், இருபது பேர். பதினேழு பெண்கள், மூன்று ஆண்கள். (மற்ற ஆண்கள் "பொம்பளைங்க போற வண்டி" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.) மொத்தம் பதினாறாயிரம். அந்த நூறு எங்கிருந்து வந்தது என்று சொல்லணும். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். 2023இல்தான் ஆயிரத்திலிருந்து ஏறியது. அதில் எண்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு 200. 2007இலும் அதே 200தான். மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் பேரன் கேட்கும் சிப்ஸுக்கும் போக, நூறு. முதலில் சோறு, அப்புறம் சுற்றுலா என்று நமக்கு நாமே ஒரு வரிசை வைத்திருக்கிறோமே, அந்த வரிசையை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கே போவது என்பதில் மூன்று மாதம் சண்டை. நான் காஞ்சிபுரம் கோயில்கள் என்றேன். ஒருத்தரும் சீந்தவில்லை. மாமல்லபுரம் என்று முடிவானது, சிற்பத்துக்காக இல்லை, கடலுக்காக. பதினேழு பேரில் ஆறு பேர் கடலையே பார்த்ததில்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பிவிடலாம். அறுபது, எழுபது வருஷம் அந்தத் தூரத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

வேனில் முன்சீட்டுக்குத்தான் அடிதடி, பின்னால் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். பேர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள், பச்சை பிளாஸ்டிக் குடம். பக்கத்து வீட்டு யூகேஜி பையன் எடுத்தான். ஆயாவுக்குப் பின்சீட்டு விழுந்தது. "கொடம் சரியில்ல, இன்னொரு தபா குலுக்கு" என்றாள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கடலில் முழங்கால் வரை நின்றார்கள். ஒரு மணி நேரம் யாரும் வெளியே வரவில்லை. நான் போட்டோ எடுக்கவில்லை என்று சொன்னால் பொய். எடுத்தேன், ஆனால் எல்லாம் முதுகுப் பக்கம்.

திரும்பும்போது வேன் செங்கல்பட்டு தாண்டியதும் பின்சீட்டிலிருந்து ஆயா கூப்பிட்டாள். நன்றி கின்றி சொல்லப் போகிறாளோ என்று போனேன். அடுத்த சீட்டு தையில் ஆரம்பம், நூற்றைம்பது போடலாம் என்று பேசியிருக்கிறார்கள், என்னையும் சேர்த்துக்கொள்வார்களாம், ஆனால் காசு கட்டணும். அப்புறம் மெதுவாக, "அடுத்த தபா கக்கூஸ் இருக்கற ஊரா பாருடா. காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல நாங்க யாரும்."