காத்தடிக்காதீங்க சாமிகளா!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. போன வாரம் வயிறு எரிஞ்சதுல, இன்னைக்கு எழுதியே தீரணும்னு உட்கார்ந்துட்டேன். வண்டி ஓட்டாத மக்கள் இப்பவே ஜூட் விட்டுக்கலாம். மத்தவங்க ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க.

விஷயம் பைக்கோட ஏர் ஃபில்டர். பேப்பர் ஃபில்டரைக் கழட்டி, டயருக்கு அடிக்கிற கம்ப்ரஸர்ல காத்தடிச்சு, திரும்ப அதையே மாட்டி விடுறதுக்குப் பேரு மெயின்டனன்ஸ் இல்லை. இன்ஜினுக்கு நாமளே வைக்கிற வேட்டு. அதுக்கு 'கிளீனிங் சார்ஜ்'னு பில் வேற போடுறது பகல் கொள்ளை.

ஏன் இவ்ளோ கோபம்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

என் மச்சான் (வீட்டம்மாவோட தம்பி) வானூர் பக்கம் ஊர் ஊரா பால் எடுத்து ஊத்துறவன். 125 சிசி வண்டி, ரெண்டு பக்கமும் கேன், தினம் அறுபது கிலோமீட்டர். அந்தப் பக்கம் கல்குவாரிங்க ஜாஸ்தி. முன்னாடி ஒரு லாரி போச்சுன்னா பின்னாடி வர்றவன் மூஞ்சில மாவு பூசின மாதிரி ஆயிடும். ஆனா பய வண்டியைக் கண்ணு மாதிரி பாத்துப்பான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாண்ணு சர்வீஸ் விட்டுடுவான்.

அப்படிப் பாத்துக்கிட்ட வண்டி 34,000 கிலோமீட்டர்லயே நீலப் புகை தள்ள ஆரம்பிச்சிடுச்சு. ஆயில் ஊத்த ஊத்தக் குடிக்குது. எங்க தெரு மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கழட்டி சிலிண்டரைக் காட்டினாரு. உள்சுவர் பூரா மேலேர்ந்து கீழ கோடு கோடா கீறல். "தம்பி, இது மண்ணு தின்ன வண்டி"ன்னாரு. ஏர் பாக்ஸைத் திறந்தா, ஃபில்டரோட மடிப்புங்க ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு, ஓரத்துல ஒரு கிழிசல். இன்ஜின் பக்கம் போற ட்யூப்புக்குள்ள விரலை விட்டுத் தடவினா கோலமாவு மாதிரி ஒட்டிக்கிட்டு வருது.

"பழைய பில் எல்லாம் எடுத்துட்டு வாடா"ன்னேன். ஆறு பில். ஆறுலயும் 'ஏர் ஃபில்டர் கிளீனிங் - 60 ரூபாய்'. ஆக மொத்தம் 360. புது ஃபில்டரே 240 ரூபாய்தான்! ஒரு தடவை கூட மாத்தலை. இப்ப ரீபோர், பிஸ்டன், ரிங், லேபர் எல்லாம் சேத்து 7,200 ரூபாய். அஞ்சு நாள் இரவல் வண்டியில பால் எடுத்தான். "நான் என்ன மாமா தப்பு பண்ணேன்? ஒரு சர்வீஸ் கூட விடலையே"ன்னு கேட்டான் பாருங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அவன் தப்பே தவறாம சர்வீஸ் விட்டதுதான்னு எப்படிச் சொல்றது?

சரி, உணர்ச்சிவசப்படாம கணக்குக்கு வருவோம்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரியறதுக்கு சுமாரா 14.7 கிராம் காத்து வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். அப்ப கிட்டத்தட்ட 11 கிலோ காத்து. லிட்டர்ல சொன்னா சுமார் 9,000! சென்னையில தெருவுக்கு வருமே 9,000 லிட்டர் தண்ணி லாரி, அது ஃபுல்லா காத்தை அடைச்சா எவ்ளோவோ அவ்ளோ. நீங்க போடுற ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் அத்தனை காத்து அந்த உள்ளங்கை அகல பேப்பர் வழியாத்தான் உள்ள போகணும்.

அந்தக் காத்துல இருக்கிற கல் தூசியில குவார்ட்ஸ் இருக்கு. சிலிண்டர் இரும்பை விடக் கடினமான சரக்கு அது. உள்ள போய் ஆயிலோட கலந்து, ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவுல மாட்டினா, அது சாணை பிடிக்கிற பேஸ்ட்தான். கண்ணுக்கே தெரியாத சைஸ் தூசிதான் இதுல மோசம். 

இப்ப காத்தடிச்சா என்ன ஆகுது? நிறைய வண்டியில வர்றது எண்ணெயில ஊறின பேப்பர் ஃபில்டர். புதுசா வாங்கும்போதே பிசுபிசுன்னு இருக்கும். தூசியை ஒட்ட வெச்சுப் பிடிக்கிறதே அந்த எண்ணெய்தான். ஒட்டின தூசி காத்துக்கு வராது. அதுக்குப் பதிலா பேப்பரோட நார் விலகும், மடிப்பு சாயும், ஓரத்துல ஒட்டு விடும். நாலு பொட்டுத் தூசி பறந்ததைப் பாத்து நாம 'ஆஹா, கிளீன் ஆயிடுச்சு'ன்னு நினைச்சுக்கிறோம்.

இன்னொண்ணு, பல பேருக்கு நம்பவே கஷ்டமா இருக்கும். கொஞ்சம் அழுக்கான ஃபில்டர், பளபளன்னு இருக்கிற புது ஃபில்டரை விட நல்லா வடிகட்டும். ஏற்கனவே பிடிச்ச தூசியும் சேர்ந்து சல்லடையா வேலை செய்யுது. அதனால அடிக்கடி கழட்டித் தட்டுறதே வேண்டாத வேலை. ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் வெளிப்பக்க மண்ணு உள்பக்கம் விழறதுக்கு ஒரு சான்ஸ் குடுக்குறோம்.

இனி வழக்கமா வர்ற டயலாக்குங்க.

"எங்கப்பா காலத்துல கழுவித்தான் போட்டோம்." வாஸ்தவம்தான் சார். அது ஸ்பாஞ்ச் ஃபில்டர். மண்ணெண்ணெயில அலசி, முறுக்காம அமுக்கிப் பிழிஞ்சு, காய வெச்சு, ஆயில்ல நனைச்சு, மிச்ச ஆயிலைப் பிழிஞ்சு மாட்டணும். அது கழுவுறதுக்குன்னே பண்ணது. பேப்பர் அப்படி இல்லை. அப்பா வேட்டியைத் துவைச்சுக் கட்டினாருன்னு நாம செய்தித்தாளைத் துவைக்க முடியுமா?

"கம்பெனிக்காரன் பார்ட்ஸ் விக்கிறதுக்காக மாத்தச் சொல்றான்." சரி, அவன் லாபம் பாக்கட்டும். 240 ரூபாய் ஃபில்டர் 12,000 கிலோமீட்டர் வந்தா கிலோமீட்டருக்கு ரெண்டு பைசா. ரெண்டு பைசா மிச்சம் பிடிக்கிறதுக்கா 7,200?

"ஃபில்டரைக் கழட்டிட்டா பிக்கப் பிச்சுக்கும்." பிச்சுக்கிறது சத்தம்தான் ராசா. காத்து இழுக்கிற உறுமல் காதுல கேக்குது, மனசு அதை ஸ்பீடுன்னு நம்புது. கார்புரேட்டர் வண்டியில காத்து ஏறி பெட்ரோல் பத்தாம இன்ஜின் சூடாகும். மண்ணு எந்தத் தடையுமில்லாம உள்ள போறது போனஸ்.

"அடைச்சிருந்தா தெரியாதா என்ன?" முன்ன தெரிஞ்சது. கார்புரேட்டர் வண்டியில ஃபில்டர் அடைச்சா பிளக் கருக்கும், மைலேஜ் விழும். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தப்புறம் பெரும்பாலான வண்டி ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். உள்ள வர்ற காத்துக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைச்சு அதுவே சமாளிச்சுக்கும். மேட்டுல கொஞ்சம் திணறும், அவ்ளோதான். கிழிஞ்ச ஃபில்டர் அதுவும் காட்டாது. நீலப் புகையிலதான் சொல்லும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

நியாயமா ஒண்ணையும் சொல்லிடறேன். சில வண்டிக்கு வர்றது எண்ணெய் போடாத உலர்ந்த பேப்பர். அதுக்கு உள்பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா மெதுவா காத்து விடலாம்னு மேனுவல்லயே போட்டிருந்தா விடுங்க. போடலைன்னா கை வைக்காதீங்க.

ஆகவே மகாஜனங்களே, செய்ய வேண்டியது நாலே நாலு:

1. உங்க வண்டியில எந்த வகை ஃபில்டர்னு மேனுவலைப் பாருங்க. (ஆமா, சீட்டுக்கு அடியில பாலிதீன் கவர் கூடப் பிரிக்காம கிடக்குதே, அதேதான்.)
2. பல வண்டிக்கு 12,000 - 16,000 கிலோமீட்டர்னு போட்டிருக்கும். மண் ரோடு, குவாரி, கட்டட வேலைன்னு தூசியில ஓட்டினா அதுக்கு முன்னாடியே மாத்துங்க.
3. மாத்தின அன்னைக்கு ஏர் பாக்ஸ் மூடியில மார்க்கர்ல கிலோமீட்டரை எழுதி வைங்க.
4. 'மாத்திட்டோம்'னு பில் வந்தா பழசைக் கையில கேட்டு வாங்குங்க. 'கிளீனிங்'னு வந்தா, எதை, எப்படி கிளீன் பண்ணீங்கன்னு நின்னு கேளுங்க.

கடைசி பாயின்ட் ரொம்ப முக்கியம். அந்தக் கடையில ஆறு தடவை காத்தடிச்ச பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான். மேனுவலைப் படிச்சிருந்தும், மாத்தச் சொல்லாம அறுபது அறுபதா கறந்தாரே கல்லாவுல உட்கார்ந்தவரு, அவரு மேலதான் கோபம். மச்சான் பால்ல தண்ணி கலந்தா ஊரே சட்டையைப் பிடிக்கும். இவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

டிஸ்கி: மச்சான் வண்டி ரெடி ஆயிடுச்சு. ஏர் பாக்ஸ் மூடியில கிலோமீட்டரைக் கொட்டை எழுத்துல எழுதி விட்டிருக்கேன். பக்கத்துலயே 'காத்தடிக்காதே'ன்னும் எழுதிட்டேன்.