இரண்டாவது மாங்கனி

காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு உன் ரவிக்கையில் கைக்கு ஒரு மாங்கனி போட்டுத் தருகிறேன் என்று அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வீட்டில் இருப்பது அவள் கல்யாணத்துக்கு வந்த கருப்புக் கால்மிதி மெஷின். தலையணை உறை தைக்கவும் புடவைக்கு ஓரம் அடிக்கவும் தவிர எதற்கும் அதைத் திறந்ததில்லை. அதில் பூ போட முடியுமா என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"பல்லை இறக்கிட்டா எந்த மெஷினும் பூ போடும். துணியைத் தள்ளுறது பல்லுதானே? அது இல்லேன்னா உன் கைதான் பல்லு."

மெஷினைச் சாய்த்து, அடியில் இருந்த திருகைத் தளர்த்தினோம். ஊசித் தட்டுக்குள் பல் அமிழ்ந்தது. துணியை அழுத்தும் காலையும் கழற்றி வைத்தோம். கையெம்பிராய்டரி ஃப்ரேமைத்தான் போட வேண்டும், ஆனால் தலைகீழாக. துணி மேலே தங்காமல் மெஷின் தட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். உள்வளையத்தில் பழைய வேட்டித் துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றிவிட்டால் பட்டில் வளையத் தழும்பு விழாது, துணியும் நழுவாது. இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. பதினோராவது நிமிஷம் மிதித்தேன்.

மேலே அழகாகத்தான் ஓடியது. நாலு விரற்கடை போனதும் ஊசி நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தால் அடியில் காக்காய்க்கூடு. கீழ்நூல்தான் கெட்டுவிட்டது என்று பாபினை எடுத்து மறுபடி சுற்றினேன். மறுபடியும் கூடு. பாபின் கேஸைக் கழற்றித் துடைத்தேன், எண்ணெய் விட்டேன். கூடு, கூடு, கூடு. அரை நாள் போயிற்று.

அக்கா வந்து, ஊசிக்குப் பின்னால் இருக்கிற நெம்புகோலை ஒரே தட்டுத் தட்டி இறக்கினார். அவ்வளவுதான்.

காலையே கழற்றியாயிற்று, இனி எதை இறக்குவது என்று அந்த நெம்புகோலை நான் தூக்கியே வைத்திருந்தேன். அது துணியை அழுத்துவதற்கு மட்டும் இல்லை. அதை இறக்கினால்தான் மேலே நூல் நுழைந்து வருகிற இரண்டு டென்ஷன் தட்டுகளும் ஒன்றையொன்று கடிக்கும். தூக்கியிருந்தால் தட்டுகள் விலகி நிற்கும், மேல்நூல் கேட்பாரில்லாமல் இறங்கும், ஷட்டில் அதை அள்ளி அள்ளி அடியில் குவிக்கும். ஆக, அடியில் தெரிகிற கூட்டைக் கட்டியது மேல்நூல். மேல் பக்கம் கீழ்நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் மேல் டென்ஷன் அதிகம். இது தெரியாமல் பாபினோடு சண்டை போட்டவர்கள் ஊரில் நான் மட்டும் இருக்க மாட்டேன்.

பாபின் கேஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. நூலைப் பிடித்து அதைத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கக்கூடாது. மணிக்கட்டை லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அதன் திருகைத் தொடாதீர்கள். அடைத்துத் தைத்த பூவைத் திருப்பிப் பார்க்கும்போது, நடுவில் மூன்றில் ஒரு பங்கு கீழ்நூலும் இரு ஓரங்களில் மேல்நூலும் தெரிந்தால் டென்ஷன் சரி.

இப்போது கல்யாண ரவிக்கைக்கெல்லாம் ஆரி வேலைதான். அந்த ஆரி ஊசிக்கும் இந்தத் தையல் மெஷினுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் இந்த வித்தை கிழக்கிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போயிற்று. அங்கே மேளம் மாதிரி இழுத்துக் கட்டிய துணியில் போட்டதால் மேளம் என்றே அதற்குப் பேர் வைத்தார்கள். அந்தக் கொக்கியைப் பார்த்துத்தான் தீமோனியே என்ற தையல்காரர் ஒரு மெஷின் செய்து 1830இல் காப்புரிமை வாங்கினார். பாரிஸில் அதை வைத்து ராணுவ உடுப்பு தைக்கத் தொடங்கியதும், பிழைப்பு போகிறதே என்று தையல்காரர்கள் கூட்டமாகப் புகுந்து மெஷின்களை உடைத்துப் போட்டார்கள். அப்போது காரைக்காலும் பிரெஞ்சுக்காரன் ஊர்தான். நம் பக்கத்துக் கொக்கி அங்கே போய் மெஷினாகி, அடி வாங்கி, கடைசியில் அம்மாவுக்குச் சீராக வந்திருக்கிறது!

அடுத்த தொல்லை நூல் அறுந்தது. எம்பிராய்டரிக்கு விற்கும் பளபளப்பு நூலில் பல ரேயான். ரேயானுக்கு ஈரம் ஆகாது, நனைந்தால் பலத்தில் பெரும் பங்கை இழந்துவிடும். கடல் பக்கத்து வீட்டில், மழை நாளில், ஜன்னலோரம் வைத்த நூல்கண்டு அறாமல் என்ன செய்யும்? டப்பாவில் மூடி வைத்த பிறகு அறுவது குறைந்தது. உப்புக் காற்று ஊசியையும் விடாது. கண்ணுக்குத் தெரியாத துரு நகத்தில் இழுத்துப் பார்த்தால் சொரசொரக்கும். அந்த ஊசியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். ஊசியில் சிக்கனம் பார்ப்பதைப் போல வீண் சிக்கனம் வேறில்லை. தையல் விட்டு விட்டு விழுந்தால், ஊசியின் தட்டைப் பக்கம் மாறிப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஜரிகை நூலுக்குக் கண் பெரிதான ஊசி வேண்டும், மிதியும் நிதானமாக வேண்டும்.

இத்தனையும் கடந்து இடது கைக்கு மாங்கனி போட்டு முடித்தேன். ஃப்ரேமைக் கழற்றியதும் அது மாங்காய் வற்றலாகிவிட்டது.

குண்டாகத்தான் வரைந்திருந்தேன். குறுக்காக நெருக்கி நெருக்கித் தைத்ததில் ஒவ்வொரு தையலும் துணியைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. தையல் ஓடுகிற திசையில் உருவம் ஒடுங்கும், மற்ற திசையில் பிதுங்கும். கம்ப்யூட்டர் மெஷினும் இதற்குத் தப்பாது. அக்கா மகள் வைத்திருப்பது நாலங்குலச் சதுரத்துக்குள் பூ போடும் சின்ன மெஷின். அவள் டிசைனில் உருவத்தை ஓரத்தில் ஒரு மயிரிழை கூட்டியே வரைகிறாள். மேலே நிரப்புவதற்கு முன் அடியில் குறுக்கே லேசாக ஒரு தையல் ஓட்டித் துணியைக் கட்டிப்போடுகிறாள். அவளுக்கு வேறு மாதிரித் தொல்லை. டிசைனை மெஷினுக்குக் கொடுக்கும் டி.எஸ்.டி. கோப்பில் ஊசி எங்கே போக வேண்டும் என்பது இருக்கும், நிறம் இருக்காது. திரையில் அவள் மாங்கனி நீலமாக வந்ததைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று பயந்திருக்கிறாள். எந்த நூலைக் கோக்கிறோமோ அதுதான் நிறம்.

முதலில் கால்மிதியில் நாலு கூடு கட்டிவிட்டு அந்த மெஷினுக்குப் போவதே நல்லது என்பது என் கட்சி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

வலது கைக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். துணிக்கு அடியில் கேன்வாஸ் ஒட்டினேன், அதற்கும் கீழே பட்டத் தாள் ஒன்று. தைத்து முடித்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாள் வேண்டாம். மை துணியில் ஏறிவிடும். ஃப்ரேமில் போட்ட பிறகு துணியை மூலைக்கு மூலை இழுக்கவில்லை. இழுத்துத் தைத்தால் கழற்றியதும் அது பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும், பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். மாங்கனியை இரண்டு பக்கமும் கொஞ்சம் பருமனாக வரைந்தேன். இந்த முறை நிஜமாகவே கனி.

இடது கையைப் பிரித்துப் போட நேரமில்லை. அம்மா அப்படியே போட்டுக்கொண்டு வந்தாள். சிவன் பிச்சாண்டவராக வரும் வீதியுலாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் வந்து விழ, எல்லோர் கையும் மேலே இருந்தது. அம்மா கையும்தான். ஒல்லியும் குண்டுமாக இரண்டு மாங்கனிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காரைக்கால் அம்மையாராகிய புனிதவதி சிவனிடம் வேண்டிப் பெற்ற இரண்டாவது பழத்தின் ருசி அவள் புருஷனுக்கு வேறாகத் தெரிந்த ஊர் இது, யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரவிக்கையை மடிக்கும்போது அம்மாதான் சொன்னாள்: "ஏண்டி, ரெண்டாவது வேற மரத்துப் பழமா?"