கோல் போடும் காவல்காரர்கள்! கற்பனை ஹாக்கி அணிக்குத் தடுப்பு வீரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கற்பனை அணி என்றால் என்ன? நாளை நடக்கப்போகும் ஆட்டத்துக்கு இன்றே நாம் வீட்டில் உட்கார்ந்து ஆள் பொறுக்குவது. நாம் பொறுக்கிய வீரர் மைதானத்தில் நன்றாக ஆடினால் நமக்குப் புள்ளி. சொதப்பினால் நமக்கும் நஷ்டம். கிரிக்கெட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஹாக்கிக்கும் இது உண்டு.

முன்கள வீரரைப் பொறுக்குவது சுலபம். யார் அதிகக் கோல் போடுகிறாரோ அவரைச் சேர்த்துக்கொள்ளலாம். தடுப்பு வீரரைப் பொறுக்குவதில்தான் பலரும் திணறுகிறார்கள். அவர் வேலை கோல் போடுவது அல்ல. கோல் விழாமல் காப்பது. விழாத கோலை எப்படி எண்ணுவது?

10 கோல் போட்ட காவல்காரர்

ஆனால், ஹாக்கியில் ஒரு வேடிக்கை உண்டு. 2024-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணி மொத்தம் 15 கோல்கள் போட்டது. அதில் 10 கோல்களைப் போட்டவர் ஹர்மன்பிரீத் சிங். அவர் தடுப்பு வீரர்!

இது எப்படி? எதிரணி தன் கோலுக்கு முன்னுள்ள அரைவட்டத்துக்குள் தப்பு செய்தால் "பெனால்டி கார்னர்" கிடைக்கும். ஒருவர் எல்லைக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவார். ஒருவர் அதை நிறுத்துவார். மூன்றாமவர் மட்டையால் பந்தை இழுத்துச் சுழற்றிக் கோலுக்குள் வீசுவார். அப்படி வீசும் வித்தை கற்றவர்களில் பலர் தடுப்பு வீரர்களே.

2025 பிப்ரவரி 1-ந் தேதி நடந்த ஹாக்கி இந்தியா லீக் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். வங்காள அணி 4-3 என்று ஐதராபாத்தை வென்றது. வங்காளத்தின் ஜுக்ராஜ் சிங் 3 கோல். ஐதராபாத்தின் கொன்சாலோ பெய்லாட் 2 கோல். இருவருமே தடுப்பு வீரர்கள். விழுந்த 7 கோல்களில் 5 இந்த இரு காவல்காரர்கள் போட்டவை!

வெளிநாட்டிலும் இதே கதைதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கியில் பாபி ஓர் என்ற தடுப்பு வீரர் 1970-லும் 1975-லும் முன்கள வீரர்களை எல்லாம் முந்திப் புள்ளியில் முதலிடம் பிடித்தார்.

நான்கு கேள்விகள்

ஆகவே, தடுப்பு வீரரைச் சேர்க்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: பெனால்டி கார்னரில் பந்தை வீசுபவர் அவரா? ஆமாம் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

இரண்டாவது: அவர் எவ்வளவு நேரம் ஆடுகிறார்? ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். பெரிய பெயர் இருந்தும் வெளியே உட்கார்ந்திருப்பவரால் புள்ளி வராது.

மூன்றாவது: அவர் அட்டை வாங்குபவரா? பச்சை அட்டைக்கு 2 நிமிடம் வெளியே நிற்க வேண்டும். மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது 5 நிமிடம். சிவப்பு அட்டை வாங்கினால் அன்றைய ஆட்டமே போச்சு.

நான்காவது: விதி என்ன? 2016-ம் ஆண்டு லீக்கில் ஓட்டத்தில் போட்ட கோலை இரண்டாக எண்ணினார்கள். அந்த ஆண்டு பெனால்டி கார்னர் வீரரின் மவுசு தானாகக் குறைந்திருக்கும். புள்ளிக் கணக்கைப் படிக்காமல் ஆள் பொறுக்கக் கூடாது.

கணக்கில் வராத வீரர்

இனி ஒரு நியாயம் பேசுவோம். பெனால்டி கார்னரின்போது ஒருவர் முதல் ஆளாகப் பாய்ந்து, பந்து வீசுபவரை நோக்கி நேரே ஓடுவார். பந்து முழங்காலில் பட்டாலும் நெஞ்சில் பட்டாலும் அவர் விலகக் கூடாது. இந்த வேலைக்குப் பேர் போனவர் அமித் ரோகிதாஸ். பாரீசில் பிரிட்டனுடன் நடந்த கால் இறுதியில் அவர் 17-வது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். மீதி நேரம் முழுவதும் இந்தியா 10 பேருடன் போராடி, கடைசியில் ஷூட்-அவுட்டில் வென்றது. தடை காரணமாக அரை இறுதியில் அவர் ஆட முடியவில்லை. இந்தியா 2-3 என்று ஜெர்மனியிடம் தோற்றது. அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா என்பது வேறு கேள்வி. அவர் இல்லாத குறையை எல்லோரும் பேசினார்கள்.

அணி முதலாளிகளுக்கு இந்த அருமை தெரியும். 2024 அக்டோபர் ஏலத்தில் ஒவ்வொரு ஆண்கள் அணிக்கும் கையிருப்பு ரூ.4 கோடிதான். அதில் ஹர்மன்பிரீத் ஒருவருக்கே ரூ.78 லட்சம் போனது. நமது தமிழ்நாடு டிராகன்ஸ் அணி என்ன செய்தது? பந்து வீசும் நெதர்லாந்து வீரர் யிப் யான்சனை ரூ.54 லட்சத்துக்கு எடுத்தது. பந்தின் முன் பாயும் ரோகிதாசை ரூ.48 லட்சத்துக்கு எடுத்தது. வித்தியாசம் ரூ.6 லட்சம்தான். புள்ளிப் பட்டியலிலோ கோல் போட்டவர் மலை. பாய்ந்து தடுத்தவர் மடு.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலைப் பார்ப்பவர்களுக்கு இது புரியும். குலைதான் கண்ணில் படும். பாரம் தாங்கும் கல்லுக்காலை யாரும் எண்ணுவதில்லை. கற்பனை அணியில் ஜெயிக்க வேண்டுமா? குலையைப் பொறுக்குங்கள். உண்மையான அணி அமைக்க வேண்டுமா? கல்லுக்காலையும் பாருங்கள்.

பணம் வைக்கலாமா?

இவ்வளவு தெரிந்தால் பணம் கட்டி ஆடலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம்!

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேதம் அதில் இல்லை. ஆட்டத்தை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இதனால் பெரிய கம்பெனிகள் பணப் போட்டிகளை அந்த மாதமே நிறுத்தின. சில கம்பெனிகள் கோர்ட்டுக்கும் போயின.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விடியுமுன் ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலை செய்து, இருட்டியபின் வீடு திரும்பும் தாயின் கூலியை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் கூலி ஒரு நொடியில் போனில் கரைந்துவிடும். எவ்வளவு கெட்டிக்காரர் பொறுக்கினாலும் வீரருக்குக் காலில் அடிபடாது என்று யார் உறுதி சொல்வது?

பணமில்லாமலும் இந்த ஆட்டம் ருசிக்கும். 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும், நமக்குப் பக்கத்திலுள்ள மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் வந்தன. இந்தியா வெண்கலம் வென்றது. அடுத்த போட்டி வரும்போது வீட்டில் ஆளுக்கு ஒரு தாள் எடுங்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் தனித்தனியே அணி எழுதுங்கள். தடுத்தவருக்கும் கோல் போட்டவருக்கும் சமப் புள்ளி என்று நீங்களே விதி வகுக்கலாம். யார் பொறுக்கிய அணி ஜெயிக்கிறது என்று பார்ப்போம். தோற்றவர் மற்றவர்களுக்குக் காப்பி போட வேண்டியதுதான்!