கோதுமை ஒவ்வாதவர்க்கு அரிசி நூடில்ஸ்

சீலியாக் நோய் மேல்நாட்டாருக்கே உரியது என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவி வந்தது. வட மாநிலங்களில் நடந்த ஆய்வுகள் அதனை அகற்றிவிட்டன. அங்கே ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் இந்நோய் காணப்படுகிறது. அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட தென்னாட்டிலோ மிகக் குறைவு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உட்சென்றதும், நோயுற்றவரின் உடலிலுள்ள தற்காப்பு ஆற்றலே திரும்பிச் சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. நோய்க்குக் காரணம் கோதுமையே என்பதை டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே 1950-இல் தமது ஆய்வேட்டில் நிலைநாட்டினார். இன்றளவும் வாழ்நாள் முழுதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை.

இங்கேதான் பணத்தின் கேள்வி எழுகின்றது. ‘குளூட்டன் அற்றது’ என அச்சிட்டு விற்கப்படும் பாஸ்தா, சாதாரணப் பாஸ்தாவைவிடப் பன்மடங்கு விலையுடையது. தனி ஆலை, தனிச் சோதனை, சிறிய அளவில் உற்பத்தி ஆகிய காரணங்களால் விலை உயர்வது இயல்பே. ஆயினும் கூலித் தொழிலாளியின் குடும்பம் அதை ஒரு மாதம் வாங்கும். மறு மாதம் நிறுத்திவிடும். குழந்தை மீண்டும் கோதுமை ரொட்டிக்கே திரும்பும். ஆகவே நம் களப் பணியாளர்கள் அத்தகைய பாஸ்தாவைப் பரிந்துரைப்பதற்கு முன், அரிசி நூடில்ஸை எடுத்துக்கூற வேண்டும் என்பது என் கருத்து.

அரிசி நூடில்ஸ் நோயாளிகளுக்கென்று தோன்றிய பொருள் அன்று. வியட்நாமின் ஃபோ, தென்சீனத்தின் மீஃபன், பிலிப்பைன்ஸின் பீஹோன் யாவும் எளிய மக்களின் அன்றாட உணவு. விலை குறைந்திருப்பதன் இரகசியமும் அதுவே. கோதுமை மாவைப் பிசைந்து நீரில் அலசினால் மாச்சத்து கரைந்தோடி, இரப்பர் போன்ற ஒரு பொருள் கையில் எஞ்சும். அதுவே குளூட்டன். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். கொதிநீரில் பாஸ்தா கரையாமல் நிற்பது பெரிதும் அதன் பிடிப்பினால்தான். அரிசியில் அப்பிடிப்பு இல்லை. எனவே கீழ்த்திசை மக்கள் வேறு வழி கண்டனர். அமைலோஸ் மிகுந்த அரிசியை ஊறவைத்து அரைத்து, மெல்லிய தகடாக ஊற்றி ஆவியில் வேகவைத்து நறுக்குவர். அல்லது அரைவேக்காட்டு மாவை அச்சில் இட்டுப் பிழிந்து வேகவைப்பர். வெந்த மாச்சத்து ஆறும்போது இறுகி இழையைத் தாங்குகிறது. நம் இடியாப்பமும் சேவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றை உலர்த்திக் கட்டி விற்றால் அயல்நாட்டுப் பண்டம் என்று மதிப்போம் போலும்!

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன். சில பொட்டலங்களில் ‘குளுட்டினஸ் ரைஸ்’ என்று காணப்படும். அதன் பொருள் ஒட்டும் தன்மையுள்ள அரிசி என்பதே. குளூட்டனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்பெயரைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

அஞ்சவேண்டியவை வேறு. ‘அரிசி’ என்று முகப்பில் இருந்தாலும், சேர்மானப் பட்டியலில் கோதுமை மாவோ கோதுமை மாச்சத்தோ உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டும். மரவள்ளி, சோள மாச்சத்துகளால் தீங்கில்லை. மஞ்சள் நிற முட்டை நூடில்ஸ் கோதுமையால் ஆனது. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே காய்ச்சப்படுகிறது. கேழ்வரகுச் சேமியா எனப்படுவதிலும் மைதா கலப்பதுண்டு. கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருப்பதைப் பலர் அறியார். சாம்பாரின் வழியாகவே நோய் திரும்பலாம். நம் நாட்டு உணவு விதிகளின்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் உள்ள பொருளைக் ‘குளூட்டன் அற்றது’ என்று விற்கலாகாது. நோய் உறுதியானவர்கள், அக்குறிப்புள்ள அரிசி நூடில்ஸ் நியாயமான விலைக்குக் கிடைக்குமாயின் அதையே தேர்ந்துகொள்வது நன்று.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. அரிசி நூடில்ஸில் புரதச்சத்து கோதுமைப் பாஸ்தாவில் உள்ளதைவிட மிகக் குறைவு. ஏறத்தாழப் பாதியே எனலாம். வெறும் எலுமிச்சம் சாற்றுடன் உண்டு பசியாறினால் மெலிந்த குழந்தை தேறாது. பருப்பு, வேர்க்கடலை, முட்டை, கீரை ஆகியவற்றுள் இயன்றதைச் சேர்க்கச் சொல்லவேண்டும்.

ஐயம் எழுந்தவுடனே கோதுமையை நிறுத்திவிடும் அவசரமும் கூடாது. நிறுத்திய பின்னர் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் நோய் தென்படாமற் போகலாம். முதலில் பரிசோதனை, பிறகே பத்தியம். நோய் உறுதியான வீட்டில், அதே அடுப்பில் மற்றவர்க்குக் கோதுமைப் பாஸ்தா வேகுமானால், குழந்தையின் நூடில்ஸுக்கு வேறு பாத்திரமும் புதிய நீரும் தேவை. வடித்தட்டும் தனியாக இருக்கட்டும்; அதன் துளைகளில் ஒட்டிய மாவு எளிதில் போவதில்லை.